கணக்கில் எழுதாத செலவு

(திருவொற்றியூரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்குப் பொருளாதாரச் சிந்தனையை எவ்வாறு பழக்குவது என்பதே இன்று எனக்கு அளிக்கப்பட்டிருக்கும் விஷயம். பொருளாதாரம் என்றவுடன் நிதிநிலை அறிக்கையும் பங்குச்சந்தையும் டாலரின் மதிப்பும் நினைவுக்கு வருவது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. ஆனால் 1890ஆம் ஆண்டில் தம் பெருநூலை வெளியிட்ட ஆல்ஃபிரட் மார்ஷல் என்னும் ஆங்கிலப் பேராசிரியர், மனிதர் தம் அன்றாட ஜீவனத்தை நடத்திச் செல்லும் வகையை ஆராய்வதே இந்தச் சாஸ்திரத்தின் வேலை என்று அந்நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அதை ஏற்றுக்கொண்டால், காசிமேட்டில் விடியுமுன் கூடையோடு வந்து ஏலத்தில் நிற்கும் அம்மாளும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியை வரிசையில் நிறுத்திவிட்டுத் துறைமுக வாயிலை நோக்கிக் காத்திருக்கும் ஓட்டுநரும், ஒப்பந்தக் கூலியாக மணலியில் வேலைக்குப் போகும் இளைஞனும் இச்சாஸ்திரத்தின் ஓரத்தில் அல்ல, அதன் நட்டநடுவில் நிற்கிறவர்கள் என்பது விளங்கும்.

நம் மாநிலத்துப் பாடத்திட்டத்தில் இவ்விஷயம் இல்லாமலில்லை. ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் பணமும் கடனும் பற்றிய பாடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் மொத்த உள்நாட்டு உற்பத்தியும், உலகமயமாதலும், உணவுப் பாதுகாப்பும், வரிகளும் இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், மொத்த உள்நாட்டு உற்பத்தியின் இலக்கணத்தை ஒரு சொல் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் பெற்ற பிள்ளை, அன்று மாலை வீட்டுக்குத் திரும்பியவுடன், அக்காளின் கல்யாணத்திற்காகத் தண்டல் வாங்கலாமா, நகையை அடகு வைக்கலாமா, சீட்டைத் தள்ளி எடுக்கலாமா என்று பெற்றோர் பேசிக்கொள்ளும்போது, தான் கற்றதற்கும் அந்தப் பேச்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எண்ணிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பானாகில், நாம் சொல்லிக்கொடுத்தது பாடம்தானே தவிரச் சிந்தனை ஆகாது.

ஆகவே பிள்ளைகளுக்கு முதலில் பழக்க வேண்டியவை இரண்டு கேள்விகள் என்பது என் அபிப்பிராயம். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடுவது எது என்பது முதற் கேள்வி. அந்த இழப்பு யாருடைய தலையில் விழுகிறது என்பது இரண்டாவது. விலைச்சீட்டில் எழுதியிருக்கும் செலவைக் கூட்டிப் பார்க்கக் கணிதமே போதும். எந்தச் சீட்டிலும் எழுதாத செலவைத் தேடிக் காண்பதற்குத்தான் பொருளாதாரம் வேண்டியிருக்கிறது.

இது நம்மவர்க்குப் புதிய ஞானமன்று. வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஒரு காரியத்தில் அழிவது எவ்வளவு, அதனால் ஆவது எவ்வளவு, ஆனபின் தொடர்ந்து வரும் ஊதியம் எவ்வளவு என்று மூன்றையும் எண்ணிப் பார்த்தே இறங்க வேண்டும் என்றும், வரப்போகும் லாபத்தை நம்பிக் கையிலிருக்கும் முதலை இழக்கும் முயற்சியை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்றும் கூறியிருக்கிறார். பிரெஞ்சு தேசத்து ஃபிரெடெரிக் பாஸ்டியா 1850இல், கண்ணுக்குத் தெரிவதையும் தெரியாததையும் சேர்த்து எண்ணுகிறவனே நல்ல பொருளாதார அறிஞன் என்னும் கருத்தைக் கொண்டு ஒரு சிறு நூல் எழுதினார். காலத்தாலும் தேசத்தாலும் இத்தனை தூரம் விலகி நின்ற இருவர் ஒரே இடத்தில் விரல் வைத்திருக்கிறார்கள் என்றால், நம் வகுப்பறையும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளையின் வாழ்க்கையில் முதல் பெரிய தீர்மானம் பத்தாம் வகுப்பு முடிந்தவுடன் வருகிறது. இரண்டாண்டு கழித்துப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் மறுபடியும் வருகிறது. எந்தப் பிரிவு எடுப்பது, ஐ.டி.ஐ.யில் சேர்வதா, பாலிடெக்னிக்கா, கல்லூரியா, அல்லது தெருமுனையில் ஆள் சேர்க்கும் ஒப்பந்தக்காரரோடு நாளைக்கே வேலைக்குப் போய்விடுவதா? இத்தீர்மானத்தைப் பெரும்பாலும் பக்கத்து வீட்டார் சொல்லோ, சிநேகிதன் எடுத்த பிரிவோ, அந்த வாரத்து நெருக்கடியோ முடிவு செய்கிறது. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டட்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் வேலைக்குப் போனால் மாதம் 12,000 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அவள் மூன்றாண்டு கல்லூரியில் படித்தால் கைவிடும் கூலி 4,32,000 ரூபாய். கல்லூரிக் கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்கும் பெற்றோர் இந்தத் தொகையைச் சொல்லால் சொல்லாவிட்டாலும் மனத்தால் அறிவார்கள். கட்டணம் இல்லாத கல்லூரியும் ஏழைக்கு இலவசமாகாதது இதனால்தான். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கும் 2024இல் தமிழ்ப் புதல்வன் என்னும் பெயரில் அவ்வாறே வந்தது. மூன்றாண்டில் அது 36,000 ரூபாய். அதைக் கழித்தால் 3,96,000 மிஞ்சும். படிப்பின் பயனாக மாதம் 6,000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதிப்பாளாயின் 66 மாதங்களில், அதாவது ஐந்தரை ஆண்டுகளில், கைவிட்ட கூலி முழுவதும் திரும்பிவிடும். அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு. அதற்குப் பின் உழைக்கப்போகும் முப்பது ஆண்டுகளும் லாபக் கணக்கிலே சேரும்.

இந்தக் கணக்கு மெய்யாகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கூடுதல் சம்பளம் கிடைக்காமலும் போகலாம். கணக்கிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கப் பிள்ளையைப் பழக்குவதே பாடம். கூடுதல் 6,000 அன்று, 2,000தான் என்றால் என்ன ஆகும்? கல்லூரியை நடுவில் விட்டுவிட்டால் என்ன ஆகும்? மூன்றாண்டுக்குப் பதிலாக இரண்டாண்டு ஐ.டி.ஐ. என்றால் எது மேல்? எண்ணூரில் 1970இல் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது; பெரம்பூரில் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. அந்த வாயில்களுக்குள் நுழைந்துவிட்டால் ஆயுள் முழுவதற்கும் கவலையில்லை என்று தகப்பன்மார் எண்ணிய காலம் ஒன்று இருந்தது. ஆகையால் ஒரே தொழிற்சாலையில் மட்டும் செல்லுபடியாகும் கைப்பழக்கம் எது, எங்கே போனாலும் கூட வரும் வித்தை எது என்று பிரித்துப் பார்ப்பதும் அந்தப் பாடத்தில் ஒரு பகுதியாகட்டும்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதால் வீடு இழப்பது கட்டணத்தை மட்டுமன்று, அந்தப் பிள்ளை கொண்டுவரக்கூடிய கூலியையும், அக்கூலியால் வரக்கூடிய சோற்றையும்தான் என்பதை நம் நாட்டில் பொருளாதாரப் பட்டம் பெறாத பெருமக்கள் நன்றாகக் கண்டுகொண்டிருந்தார்கள். நம் வடசென்னையோடு வாழ்க்கை பிணைந்திருந்த பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920இல், ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் மதிய உணவு தொடங்கப்பட்டது. காமராசர் 1956இல் அதை மாநிலம் முழுவதற்கும் விரித்தார். ஒரு வேளைச் சோறு பள்ளியிலே கிடைக்குமானால் பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் இருப்பதன் செலவு அந்த அளவுக்குக் குறைகிறது என்னும் நுட்பத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் விளக்கிவிட முடியாது. மதிய உணவைப் பற்றி நம் பிள்ளைகள் இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனிக் கடனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். தண்டல் என்பது இந்த அவையில் யாருக்கும் விளக்க வேண்டிய விஷயமன்று. பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்றால் ஆயிரத்தை முன்னதாகவே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் தருகிறார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் கட்டி முடிக்க வேண்டும். இதற்கு வட்டி என்னவென்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், பத்தாயிரத்துக்கு ஆயிரம், ஆகவே நூற்றுக்குப் பத்து என்று தயங்காமல் சொல்லும். பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். வங்கியிலேயே நூற்றுக்குப் பத்து பன்னிரண்டு கேட்கிறார்களே, இதிலென்ன அநியாயம் என்றும் தோன்றும்.

ஆசிரியர் மூன்று படியாக அந்த மறைப்பை நீக்கிக் காட்டலாம். கைக்கு வந்தது பத்தாயிரமன்று, ஒன்பதாயிரம். ஆகவே ஒன்பதாயிரத்துக்கு ஆயிரம் என்றால் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் ஆகிறது. அடுத்தபடியாக, இது ஓராண்டுக்குரிய வட்டியன்று, நூறு நாளுக்குரியது. ஆண்டுக்கு என்று பெருக்கினால் நூற்றுக்கு நாற்பதைத் தொடுகிறது. மூன்றாவது படிதான் மிகவும் நுட்பமானது. வாங்கிய ஒன்பதாயிரமும் நூறு நாள் வரை கடனாளியிடம் இருப்பதில்லை; மறுநாளிலிருந்தே நூறு நூறாகத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது; சராசரியாகப் பார்த்தால் பாதியளவு பணமே அவர் வசம் இருந்திருக்கிறது. பாதிப் பணத்துக்கு முழு வட்டி என்றால் விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சரியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு 78 அளவில் வந்து நிற்கும். பத்து என்று நினைத்தது எழுபத்தெட்டாக மாறும் அந்த நிமிஷத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். சராசரியும் விகிதமும் கற்பிக்கக் கணிதப் புத்தகத்தில் எத்தனையோ கணக்குகள் இருக்கின்றன. இந்தப் பகுதியில் பிறந்த பிள்ளைக்கு இதைக் காட்டிலும் பிரயோஜனமான கணக்கு ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் தெருப் பெயர்களையே எடுத்துக்கொண்டு அவற்றைக் குற்றமாக்கியிருக்கிறது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவைப்பது நலம்.

ஆனால் இங்கேயே பாடத்தை நிறுத்திவிட்டால் அது ஏழைகளை அறிவில்லாதவர்கள் என்று பழிப்பதாக முடியும். அப்படி முடியக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கும் செந்தில் முல்லைநாதனும் எல்டார் ஷஃபீரும் 2013இல் பற்றாக்குறையைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். அதில் நம் கோயம்பேட்டுச் சந்தையின் வியாபாரிகள் வருகிறார்கள். காலையில் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கிச் சரக்கெடுத்து, மாலையில் ஐம்பது ரூபாய் வட்டியோடு திருப்பித் தந்து, மறுநாள் காலையில் மறுபடியும் ஆயிரம் வாங்குகிறார்கள். இது ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. அந்த வியாபாரி நாள்தோறும் ஐந்து ரூபாயை மட்டும் மிச்சம் பிடித்து, அதனால் குறையும் வட்டியையும் அதனோடு சேர்த்துக் கடனைக் குறைத்துக்கொண்டே வந்தால், ஐம்பது நாளில் கடன் அறவே தீர்ந்துபோகும். பிள்ளைகள் தாங்களே போட்டுப் பார்த்து இதை மெய்யென்று காணலாம். அப்படியானால் அவர்கள் ஏன் செய்யவில்லை? ஆராய்ச்சியாளர்கள் சிலருடைய கடனைத் தாங்களே அடைத்துப் பார்த்தார்கள். கடன் நீங்கிய அவ்வியாபாரிகள் ஓராண்டுக்குள் ஒருவர் பின் ஒருவராக மறுபடியும் கடனில் விழுந்தார்கள். உறவில் ஒரு கல்யாணம், குழந்தைக்குக் காய்ச்சல், நான்கு நாள் அடைமழை என்று ஏதேனும் ஒன்று வந்தபோது அதைத் தாங்கிக்கொள்ளக் கையில் உபரி ஒன்றும் இல்லாததே காரணம்.

இவ்விரண்டு பாதிகளையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். ஐந்து ரூபாயின் சக்தியைச் சொல்லாவிட்டால் பிள்ளைக்கு வழி தெரியாது. உபரியில்லாத வாழ்க்கையின் இயல்பைச் சொல்லாவிட்டால், நாளைக்கு அவன் வங்கி அதிகாரியாகவோ தாசில்தாராகவோ உட்காரும்போது, எதிரே நிற்கும் கடனாளியின் நிலை அவனுக்கு விளங்காது. முன்பு நம் பள்ளிகளில் சஞ்சாயிகா என்ற பெயரில் மாணவர் சேமிப்பு வங்கி நடந்தது. காசு வாங்கி வரவு எழுதிக் கணக்கு முடிப்பதெல்லாம் மாணவர் கையாலேயே நடந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை அற்பமானதுதான். ஆனால் அவசரத்திற்கென்று தனியாக ஒதுக்கிவைத்த பணம் என்ற எண்ணமே சில வீடுகளுக்குள் முதன்முதலாக அந்தச் சிறிய புத்தகத்தின் மூலம்தான் நுழைந்தது. அத்தகைய ஏற்பாடு ஒன்று திரும்பவும் வேண்டும் என்பேன்.

முதலைத் தொடாமல் அதன் விளைவை மட்டும் உண்பது என்னும் கொள்கை இவ்வூருக்கு அந்நியமானதன்று. தியாகராஜப் பெருமான் கோயிலின் கல்வெட்டுகளை அறிந்தவர்கள், பல்லவர் காலத்திலும் சோழர் காலத்திலும் நந்தா விளக்கெரிக்கப் பொன்னை முதலாக வைத்து, அதன் பொலிசையை, அதாவது வட்டியை, கொண்டே விளக்கை எரித்தார்கள் என்பதை அறிவார்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் தொண்ணூறு ஆடு அல்லது தொண்ணூற்றாறு ஆடு கொடுத்து விளக்குக்கு நெய் அளக்கச் செய்யும்போது, அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதுவது வழக்கம். ஆடு சாகும், மூப்படையும். மந்தை மட்டும் எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும் என்பது பொறுப்பேற்றவன் கடமை. இதே நியாயத்தை இன்று காசிமேட்டில் காண்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடை 2017 முதல் 61 நாளாக நீண்டிருக்கிறது. மீன் இனம் பெருக விட்டுவிட்டால் விளைவை ஆண்டுதோறும் எடுக்கலாம். முட்டையும் குஞ்சுமாக இருக்கும்போதே வாரிவிட்டால் மந்தையையே அறுத்துத் தின்றதாகும். தடைக்காலத்தில் வஞ்சிரத்தின் விலை ஏன் ஏறுகிறது, நாட்டுப்படகுக்காரருக்கு அதனால் என்ன லாபம், விசைப்படகில் கூலிக்குப் போகும் தொழிலாளி அந்த அறுபத்தொரு நாளும் எதைத் தின்பார், அரசு தரும் நிவாரணத் தொகை எதற்கு ஈடு என்று கேட்டுக்கொண்டே போனால், தேவையும் அளிப்பும் பற்றிய பாடம் முழுவதும் பிள்ளையின் நாவிலேயே வந்துவிடும்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் முதற் கேள்வியைச் சார்ந்தவை. இழப்பு யார் தலையில் விழுகிறது என்னும் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதைக் கற்பிக்க உலகத்திலேயே சிறந்த இடங்களுள் ஒன்றில் நாம் குடியிருக்கிறோம்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்திலே நங்கூரமிட்டு நிற்க, ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்துபோய்ச் சரக்கையும் மனிதரையும் கரைக்குக் கொண்டுவந்தன. சரக்கும் உயிரும் சேதமாவதைத் தடுக்க வேண்டிக் கடலுக்குள் இரு கரங்களை நீட்டிக் கட்டும் வேலை 1870களில் தொடங்கிற்று, 1881 நவம்பரில் வீசிய புயல் அந்த வேலையைப் பெரிதும் உடைத்தது, மறுபடியும் கட்டினார்கள். 1904 முதல் 1919 வரை தலைமை வகித்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் துறைமுகம் சீர்பெற்று வளர்ந்தது. நாட்டுக்கு அதனால் விளைந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. இந்தப் பகுதியில் தொழில்கள் பெருகியதற்கு அதுவே பெரிய காரணம்.

ஆயினும் இந்தக் கடற்கரையில் ஒரு விசேஷம் உண்டு. அலைகளின் போக்கினால் மணல் ஆண்டு முழுவதற்குமான கணக்கில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. துறைமுகத்தின் கரம் அதற்குக் குறுக்கே விழுந்தவுடன், நகர்ந்து வந்த மணல் தெற்குப் பக்கத்திலே தேங்கலாயிற்று. அப்படித் தேங்கிய மணல்தான் இன்று லட்சக்கணக்கானோர் மாலையில் காற்று வாங்கும் மெரினாவின் பரந்த கடற்கரை. வடக்கே வரவேண்டிய மணல் வராமற்போகவே, ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடல் கரையை அரித்துக்கொண்டு உள்ளே வந்தது. மீனவக் குப்பங்களின் வீடுகளும், வலை உலர்த்திய மணல்வெளியும், படகை இழுத்து நிறுத்திய கரையும் போயின. கருங்கல்லைக் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகள் கட்டினார்கள், ஒரு குப்பத்தில் கல் கொட்டினால் அதற்கு வடக்கே இருக்கும் குப்பத்தில் அரிப்பு மிகுந்தது. தெற்கே சேர்ந்த மணலுக்கு யாரும் விலை கொடுக்கவில்லை. வடக்கே இழந்த கரைக்கு யாரும் ஈடு வாங்கவில்லை. துறைமுகத்தின் வரவு செலவுப் புத்தகத்தில் இவ்விரண்டுக்கும் ஒரு வரி கிடையாது. ஒரு தொழிலைச் செய்பவன் தாங்கும் செலவு வேறு, சமூகம் தாங்கும் செலவு வேறு என்று 1920இல் ஆர்தர் பிகூ என்னும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பெருநூல் எழுதி நிறுவினார். நம் பிள்ளைகள் அதை அறிய வேண்டுமானால் கல் கொட்டிய கரையில் நின்று தாத்தாமார்களிடம் பழைய கரை எங்கே இருந்தது என்று கேட்டாலே போதும்.

எண்ணூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை நீங்கள் தினமும் சுவாசிக்கிறீர்கள். கொசஸ்தலையாற்றில் படிந்த சாம்பலும், 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோது கரையெங்கும் ஒதுங்கிய எண்ணெயும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் பரவிய எண்ணெயும் அதே இரண்டாவது கேள்வியைத்தான் கேட்கின்றன. மின்சாரத்தின் விலையில் நிலக்கரிக்குப் பங்குண்டு, யந்திரத்துக்குப் பங்குண்டு, கூலிக்குப் பங்குண்டு. இறால் கிடைக்காமல் போன மீனவனின் நாளுக்கு அதில் பங்கில்லை. தொழிற்சாலையே வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்படி நான் கேட்கவில்லை. இங்குள்ள வீடுகளில் பாதி அந்தத் தொழிற்சாலைச் சம்பளத்தில் உலை வைக்கின்றன. செலவு முழுவதையும் எழுதிவிட்டுப் பிறகு தீர்மானிக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

இவ்வாறெல்லாம் எதற்கும் லாப நஷ்டம் பார்க்கப் பழக்கினால் பிள்ளைகள் சுயநலக்காரர்களாகிவிட மாட்டார்களா என்று பெற்றோர் சிலர் கவலைப்படுவதுண்டு. நியாயமான கவலைதான். ஆனால் கணக்குப் பார்ப்பதும் தன் கணக்கை மட்டும் பார்ப்பதும் வெவ்வேறு. நமக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி இடங்களை உரிமையுள்ள குடும்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு என்னும் ஏற்பாடு நெடுங்காலமாக நிலவிவருகிறது. நல்ல இடம் ஒருவனுக்கே நிலையாகப் போய்விடாது. சண்டையும் மிதமிஞ்சிய பிடிப்பும் கட்டுக்குள் இருக்கும். பொதுச்சொத்தைத் தனியாரும் அரசுமன்றி, அதை அனுபவிப்பவர்களே கூடி விதி வகுத்துக் காக்க முடியும் என்று பல தேசங்களில் ஆராய்ந்து காட்டிய எலினார் ஆஸ்ட்ரம் அம்மையாருக்கு 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பழவேற்காட்டு மீனவர்கள் ஏரியின் கணக்கையும் அண்டை வீட்டான் கணக்கையும் தம் கணக்கோடு சேர்த்துப் பார்த்தவர்கள். அவர்களை யாரும் சுயநலக்காரர் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பாடத்தை நடத்தும்போது எந்தப் பிள்ளையையும் எழுப்பி, உன் வீட்டில் எவ்வளவு கடன் என்று கேட்காதீர்கள். வறுமையை வகுப்பின் முன் விரித்துக் காட்ட வைப்பது கொடுமை. கற்பனைக் குடும்பம் ஒன்றை வகுப்பே சேர்ந்து அமைத்து, அதற்கு வருமானமும் நோயும் திருவிழாவும் கொடுத்து, மாதாமாதம் அதன் தீர்மானங்களை விவாதிக்கலாம். தங்கள் வீட்டுச் சமாசாரத்தைப் பிள்ளைகள் தாங்களாகவே அதில் வைத்துப் பேசுவார்கள். பங்குச்சந்தை விளையாட்டு நடத்துவதுதான் பொருளாதாரக் கல்வி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நான் நம்புவதில்லை; சேமிப்பே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு முதற்பாடமாகச் சூதின் சுவையைக் காட்டுவது தகாது. தேர்வில் இதற்கு மதிப்பெண் உண்டா என்று கேட்பீர்கள். சரியான விடை ஒன்றே ஒன்று என்று இல்லாத கேள்விக்கு, பிள்ளை சொல்லும் காரணத்தைப் பார்த்து மதிப்பெண் இட நம் ஆசிரியர்களால் முடியும். தமிழ்க் கட்டுரைக்கு அப்படித்தானே இடுகிறோம்?

ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கும்போது தடைக்காலமும் முடிந்து படகுகள் கடலுக்குப் புறப்படும். அந்த மாதத்திலிருந்தே ஒன்பதாம் வகுப்பில் வாரத்துக்கு ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்கித் தருமாறு தலைமையாசிரியர்களையும், அந்த வேளையில் காசிமேட்டு ஏலத்தையோ கூட்டுறவு வங்கியையோ பார்க்கப் பிள்ளைகளை மனமுவந்து அனுப்பிவைக்குமாறு பெற்றோர்களையும், இந்தப் பகுதியின் தொழிற்சங்கங்களிலும் மீனவர் பஞ்சாயத்துகளிலும் அனுபவம் பழுத்த பெரியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் வகுப்பறைக்கு வந்து தங்கள் தீர்மானங்களின் கதையைச் சொல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.